நம் தோட்டப்புறத்தின் அழகும் அதன் வரலாறும்



“இக்கரைக்கு அக்கரை பச்சை” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பள்ளி விடுமுறை வந்தால் நாம் வேன் பிடித்துக் கேமரன் மலைக்குப் போகிறோம். தேயிலைச் சரிவுகளைக் கண்டு, “ஆகா, எவ்வளவு பச்சை!” என்று வியக்கிறோம். அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவரைக் கேட்டால், “இதில் பார்க்க என்ன இருக்கிறது? போர்ட் டிக்சன் கடற்கரைக்கு ஒருமுறை போய்வர வேண்டும்” என்பார். கடற்கரையில் வாழ்கிறவருக்கோ மலையைப் பார்க்க ஆசை.

நம் பிள்ளைகளிடம் இலையுதிர் காலத்தை வரையச் சொல்லுங்கள். படப்புத்தகத்தில் கண்ட ஏதோ ஒரு குளிர்நாட்டை வரைவார்கள். சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் உதிரும். கம்பளி உடுத்திய சிறுவன் ஒருவன் அதில் நடப்பான். அதே சிவப்பு இலையின் மேல் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை ஆண்டுதோறும் பள்ளிக்கு நடந்து போகிறது. அது தன் வீட்டுக்குப் பின்னால் நடக்கும் இலையுதிர் காலம் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை.

நாம் வாழும் இடத்தின் அழகு நம் கண்ணுக்கு ஏன் மறைந்தது? அதை மீண்டும் காண வழி என்ன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வரலாற்றில் விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனும் பாட்டியும் இந்த மண்ணை ரசிக்கத் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் இந்த மண்ணைச் சந்தித்த விதம் வேறு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளானை அடுத்த துறைமுகத்திலும் இறங்கியவர்கள் அவர்கள். ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910ஆம் ஆண்டில் முடிவு கட்டப்பட்ட பின்னும் கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அந்த வரத்து நின்றது. வந்தவர்களின் கையில் முதலில் கொடுக்கப்பட்டவை கோடரியும் மண்வெட்டியும். காடு என்றால் அவர்களுக்கு அட்டையும் பாம்பும் காய்ச்சலும்தான்.

அந்தக் காய்ச்சலைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இல் கிள்ளானுக்கு வந்தார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, தேங்கிய நீரை வெளியேற்றி, மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். தாழ்ந்த நிலத்தில் இந்த முறை நல்ல பலன் தந்தது. மேட்டுப்பாங்கான தோட்டங்களிலோ நிலைமை வேறாக இருந்தது. அங்கே காட்டை அழித்ததால் ஓடைகளின் மேல் வெயில் விழுந்தது. தெளிந்த, வெயில் படும் ஓடை நீரில் முட்டையிடும் கொசு இனம் ஒன்று உண்டு. நிழல் போனதும் அது பெருகியது. காட்டை வெட்டினால் நோய் போகும் என்று நம்பி வெட்டிய இடத்திலேயே நோய் கூடியது. காட்டை வெட்டியவர்களும் நம்மவர்கள். காய்ச்சலில் படுத்தவர்களும் நம்மவர்கள். எத்தனையோ பேர் எழுந்திருக்கவே இல்லை.

தெளிந்த ஓடையைப் பார்த்து மகிழ வேண்டிய மனிதன், அதைப் பார்த்து அஞ்ச வேண்டிய நிலையில் இருந்தான். விடியுமுன் பெரட்டு, பெயர் கொடுத்த பின் நிரை நிரையாக மரங்கள், வெயில் ஏறும்போது பால் வாளியின் பாரம், மாலையில் அசதி. இப்படி வாழ்ந்தவர்கள் சுற்றிலும் இருந்த பசுமையை வேலையாகவே கண்டதில் வியப்பில்லை. அவர்கள் பார்வை அப்படியே நம் வீடுகளில் தங்கிவிட்டது. காய்ச்சல் போய்விட்டது, அச்சம் போய்விட்டது, “இது வெறும் தோட்டம்தானே” என்ற சொல் மட்டும் இன்னும் போகவில்லை.

நேயர்களே, இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒன்றின் கதை தெரிந்தால் அதைப் பார்க்கும் கண்ணும் மாறும். ஆகவே நமக்கு மிகவும் பழகிப்போன பால்மரத்தின் கதையிலிருந்தே தொடங்குவோம்.

பால்மரம் இந்த நாட்டு மரம் அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் அவற்றை விதைத்தார்கள். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேரா மாநிலத்தின் கோலகங்சாருக்குப் போயின. அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த மரம் என்று இன்றும் கோலகங்சாரில் ஒரு முதிய பால்மரத்தைக் காட்டுகிறார்கள்.

கன்று வந்ததும் தோட்டம் வந்துவிடவில்லை. அப்போது தோட்டக்காரர்களின் நம்பிக்கை எல்லாம் காப்பியின் மேல் இருந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, பால்மரத்தின் அருமையை அறிந்தவர். பட்டையை மெல்லிதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து, மரத்தைக் கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் அவர். சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு, கண்டவரிடமெல்லாம் “இதை நடுங்கள்” என்று சொன்னதால் அவரைப் பித்தர் என்றே பலர் பேசினர். 1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். வணிக நோக்குடன் இந்நாட்டில் நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் என்று அதைக் கூறுவர். பிரேசில் நாட்டுக் காப்பி பெருகிக் காப்பி விலை சரிந்தது; மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டது. அதன் பிறகு ரிட்லியைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ரிட்லி 1956ஆம் ஆண்டுவரை, 100 வயது நிறைவாக வாழ்ந்து, தம் சொல் பலித்ததைக் கண்ணால் கண்டார்.

பாருங்கள், பால்மரமும் நம்மைப்போலக் கப்பலேறி வந்தது. நம்மைப்போலவே நெடும் பயணத்தில் பெரும்பகுதியை இழந்து, எஞ்சிய சிலவற்றால் வேர் பிடித்தது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தாயகத்துப் பழக்கத்தை அது மறக்கவில்லை.

ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மழைக்காட்டு நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில் பால்மரம் ஆண்டுக்கொருமுறை மொத்தமாக இலையை உதிர்க்கிறது. நம் மேற்குக் கரை மாநிலங்களில், தைப்பூசக் காவடிக்கு நாம் நோன்பிருக்கும் நாள்களை ஒட்டி, மழை குறையும்போது அது தொடங்கும். இலை முதலில் மஞ்சளாகும். பிறகு செம்பு நிறம். சில மரங்களில் குங்கும நிறம். காற்று அடித்தால் முழு நிரையும் சலசலக்கும். பிறகு ஒருநாள் பார்த்தால் காடே மொட்டையாக நிற்கும், வானம் தெரியும். அடுத்த சில வாரங்களில் செம்பழுப்பு நிறத்தில் தளிர் வரும், அது இளம்பச்சையாகும், இளமஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பூக்கள் மலர்ந்து மணம் வீசும். இலை உதிரும் நாள்களில் பால் குறையும், வருமானம் குறையும் என்பதால் அந்தப் பருவத்தை நம் வீடுகளில் கவலையோடுதான் நினைத்தார்கள். கவலை உண்மைதான். அந்த நேரத்தில் தலைக்கு மேல் நடந்த வண்ண மாற்றமும் உண்மைதான்.

சில மாதங்களில் காய் முற்றும். வெயிலில் காய்ந்த காய் “பட்” என்று வெடித்து, மூன்று விதைகளைத் தூரமாக எறியும். அந்த ஓசையைக் கேட்காத தோட்டத்துப் பிள்ளை இல்லை. அந்த விதையைக் கல்லில் தேய்த்து, சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறச் செய்யாத பையனும் இல்லை. அடுத்த முறை அந்த விதையை உற்றுப் பாருங்கள். அதன் மேல் பழுப்புப் புள்ளிகளால் ஒரு கோலம் இருக்கும். ஒரே தாய்மரத்தின் விதைகள் எல்லாவற்றிலும் ஒரே வகைக் கோலம்தான் இருக்கும்; வேறு மரத்துக் கோலம் வேறு. விதையின் கோலத்தைப் பார்த்தே அது எந்த ரப்பர் இனம் என்று அறியும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடம் உண்டு. நம் பிள்ளைகள் கோலி விளையாடிய பொருளில் இத்தனை செய்தி இருக்கிறது.

பால் வெட்டுவதை விடியற்காலையில் செய்வது ஏன்? துரையின் கண்டிப்பு மட்டும் அதற்குக் காரணம் இல்லை. இரவில் மரம் நீரை நிறைத்து வைத்துக்கொள்கிறது. விடியலின் குளிர்ச்சியில் பட்டையில் உள்ள பால் குழாய்கள் விம்மி நிற்கின்றன. வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகும், குழாயின் இறுக்கம் தளரும், பால் குறையும். அந்தக் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்வாகச் சுற்றிச் செல்வதால்தான் வெட்டும் இடமிருந்து வலமாகச் சாய்வாக இறங்குகிறது. கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலோட்டமாகப் போனால் பால் வராது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். தலையில் கட்டிய விளக்கொளியில், நாளுக்கு ஏறத்தாழ 500 மரங்களில், அந்த ஒரு மில்லிமீட்டரைத் தவறவிடாமல் வெட்டியவர்கள் நம் அன்னையர். “எங்கள் அம்மா பால்மரம் வெட்டினார்” என்று சொல்ல ஒரு பிள்ளை கூச்சப்பட்டால், அந்தக் கைத்திறனை நாம் அதற்குச் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

இனி, ஒரு வட்டாரத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் மாவட்டம் நம் மக்கள் பல தலைமுறையாக உழைத்த பகுதி. அங்கே, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியுள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், தென்னைமரம் என்றே பெயர் கொண்ட ஒரு தோட்டம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதினாலும் ஒலிப்பது நம் தமிழ்ச் சொல்தான்.

அந்தத் தோட்டத்திற்கு நாட்டு வரலாற்றில் இடம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனையின் 4 கன்றுகள் 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த வழிவந்த விதைகள் சுமத்ரா வழியாகச் சிலாங்கூருக்கு வந்தன. ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் அவற்றை முதலில் அழகுக்காகவே நட்டார். பிறகு 1917இல் தென்னைமரத் தோட்டத்தில் வணிகப் பயிராகச் செம்பனை நடப்பட்டது. இன்று நாடு முழுவதும் பரந்து கிடக்கும் செம்பனைக் காட்டின் தொடக்கம் அந்த இடம்தான்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் செய்த இன்னொரு காரியம் நம் சிந்தனைக்கு உரியது. தாம் வாழ்ந்த மலாயா மண்ணையும் காட்டையும் மக்களையும் வைத்து அவர் ஒரு நாவல் எழுதினார். 1930இல் அந்நூலுக்குப் பிரான்சு நாட்டின் கோன்கூர் என்னும் உயர்ந்த இலக்கியப் பரிசு கிடைத்தது. அவர் பார்த்த அதே ஆற்றையும் அதே விடியலையும் நம்மவர்களும் பார்த்தார்கள். துரைக்கு மாலையில் நாற்காலியும் ஓய்வும் இருந்தன, நம்மவர்க்கு இல்லை. அதுவே வேறுபாடு. இன்று நம் பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது, எழுதுகோல் இருக்கிறது. அந்த மண்ணைப் பற்றி எழுதும் உரிமை அவர்களைவிட யாருக்கு அதிகம்?

செம்பனைக் காட்டில் என்ன அழகு என்று சிலர் கேட்பார்கள். ஆண்பூ மலர்ந்திருக்கும் மரத்தருகே நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். சோம்பு மணம் வரும். அந்த மணம் ஒரு சின்னஞ்சிறு வண்டை அழைக்கிறது. அரிசி மணியிலும் சிறிய அந்த வண்டு 1981ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. அதற்கு முன் ஆண்பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, மாவுத்தூளுடன் கலந்து, பெண்பூவின் மேல் கையால் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் நம் தாய்மார்கள் பலர். வண்டு வந்தது, அந்த வேலை தோட்டங்களை விட்டுப் போயிற்று. பழைய தொழிலாளர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கையால் பூச்சேர்க்கை செய்த கதையைச் சொல்வார்கள்.

அதே காட்டில் இரவானால் வெண்ணிற முகத்துடன் ஒரு கூகை வரும். கூகை கத்தினால் சாவு விழும் என்று நம் வீடுகளில் கதவை அடைத்தது உண்டு. உண்மையில் அது நமக்குக் காவல்காரன். செம்பனைப் பழத்தைத் தின்று அழிக்கும் எலிகளை அது வேட்டையாடுகிறது. ஒரு சோடிக் கூகையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் 1980களிலிருந்து பல தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் கூகைக்கென்று மரப்பெட்டி வைக்கிறார்கள். கெட்ட சகுனம் என்று விரட்டிய பறவைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது.

இப்போது தோட்டத்தை விட்டுச் சற்று வெளியே, அதே மாவட்டத்தின் ஆற்று முகத்துவாரத்திற்குப் போவோம். அங்கே மலாவத்தி குன்று இருக்கிறது. சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்த இடம் அது. 1784இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். 1871இல் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் குண்டுகள் அதன்மேல் விழுந்தன. இன்று அங்கே ஒரு கலங்கரை விளக்கமும், வெள்ளி பூசியதுபோன்ற சாம்பல்நிற மந்திகளும் உள்ளன. லொத்தோங் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் அந்த மந்தியின் குட்டி பிறக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறம். கரிய தாயின் மடியில் ஆரஞ்சுப் பழம் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும்.

அதே ஆற்றில், கம்போங் குவாந்தான் என்னும் இடத்தில், இருட்டிய பின் துடுப்புப் படகில் போனால் ஓர் அதிசயம் காணலாம். கரையில் பெரெம்பாங் என்னும் மரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கான மின்மினிப் பூச்சிகள் இருக்கும். நம் வீட்டு முற்றத்தில் தனித்தனியே பறந்து மின்னுகிற மின்மினிபோல் அல்லாமல், இவை ஒன்றோடொன்று ஒத்திசைந்து, வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, ஒரே நேரத்தில் மின்னும். ஒரே நேரத்தில் அணையும். மரமே மூச்சு விடுவதுபோல் தோன்றும். உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் விமானமேறி வந்து பார்க்கும் காட்சி இது. அரைமணி நேரப் பயணத்தில் உள்ள நம் மக்களில் எத்தனை குடும்பங்கள் இதைப் பார்த்திருக்கின்றன?

இந்தக் காட்சி எப்போதும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மின்மினியின் வாழ்வு மரத்தில் மட்டும் இல்லை. ஆற்றங்கரையின் ஈர மண்ணில் அது முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, கரையோரச் செடிகளுக்கு நடுவே சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையில் உள்ள புதரை வெட்டித் துப்புரவாக்கினால் நத்தை போகும். நத்தை போனால் புழு போகும். புழு போனால் ஒளி போகும். கரைவரை பயிர் செய்ததாலும், கட்டடங்களின் விளக்கு வெளிச்சத்தாலும், ஆற்றில் கலந்த அழுக்காலும் மின்மினிகள் குறைந்துவிட்ட இடங்கள் உண்டு. ஆற்றின் மேற்பகுதியில் எறியும் குப்பையும் கொட்டும் எண்ணெயும் முகத்துவாரம்வரை போகும் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அழகை அறியாதவர் அதை அழிப்பது வேண்டுமென்றே செய்வதன்று. அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் செய்வது.

இயற்கைக்கு நேர்வது நம் தோட்டங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. இன்று அடுக்குமாடிகள் நிறைந்த சுபாங் ஜெயா, 1970களின் நடுப்பகுதிவரை சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா, 1990களில் எழும்புமுன் பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. உலகெங்கும் பி.பி. என்ற முதலெழுத்துகளுடன் வழங்கும் ரப்பர் இனங்கள் அந்தத் தோட்டத்தில் உருவானவை. இன்று அங்கே போகும் நம் பிள்ளைகள் ஏரியையும் பாலத்தையும் பார்த்து வியக்கிறார்கள், வியக்கட்டும். அந்த மண்ணில் யார் பால் வெட்டினார்கள், எந்தத் திருப்பத்தில் லயம் இருந்தது, எந்த மரத்தடியில் கோயில் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். தோட்டம் போனபோது மரம் மட்டும் போகவில்லை. அந்த இடத்தைப் பற்றிய நம் அறிவும் சேர்ந்து போயிற்று.

இங்கே ஒரு நேயர் எழுந்து, “ஐயா, அழகு சோறு போடுமா?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அழகு சோறு போடாது. கூலிக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அழகு ஈடாகாது. அவற்றுக்காக நாம் தொடர்ந்து குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தான் வாழ்ந்த இடம் மதிப்பற்றது என்று நம்பும் குடும்பம், அந்த இடத்தைவிட்டு வெளியேறும்போது ஒன்றையும் எடுத்துச் செல்வதில்லை. தான் பிறந்த மண்ணின் கதை தெரிந்த பிள்ளை, பட்டணத்துப் பள்ளியில் “நீ எங்கிருந்து வருகிறாய்?” என்று கேட்டால் தலை குனியாது. “செம்பனை முதன்முதலில் பயிரான ஊரிலிருந்து வருகிறேன்” என்று சொல்லும். அந்த நிமிர்வுக்குக் காசு வேண்டாம். கதை தெரிந்தால் போதும்.

அதற்கு வழி நம் பண்டைத் தமிழரிடமே இருக்கிறது. அவர்கள் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய பூ எது, பறவை எது, மரம் எது, தொழில் எது, பொழுது எது என்று வரிசைப்படுத்தி வைத்தார்கள். மலையும் வயலும் கடற்கரையும் அவர்களுக்கு வெறும் இடங்களாக இருக்கவில்லை. பெயரும் முகமும் உடையவையாக இருந்தன. பால்மரக் காட்டுக்கு அப்படி யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. நாம் வகுத்தால் என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கேளுங்கள். நம் தோட்டத்தின் மரம் எது? பால்மரமா, செம்பனையா? பொழுது எது? வைகறை. பருவம் எது? தைப்பூசத்தை ஒட்டிய இலையுதிர் காலம். பறவை எது? இருள் பிரியுமுன் கம்பி வேலியில் அமர்ந்து பாடும் குண்டுகரிச்சானா? மலாய்க்காரர்கள் அதை முராய் என்பார்கள். செடி எது? பள்ளிக்குப் போகும் வழியில் காலால் தொட்டதும் மடங்கும் தொட்டாற்சுருங்கியா? அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான். அதை மலாயில் செமாலு என்கிறார்கள். மாலு என்றால் வெட்கம். தமிழனுக்குச் சுருக்கமாகத் தெரிந்தது மலாய்க்காரருக்கு வெட்கமாகத் தெரிந்தது. தொழில் எது? அதற்குரிய பொருள்கள் எவை? மங்கு, வாளி, ஒட்டுப்பால் பை என்று பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் எழுதட்டும். ஓடைக்கு நம்மவர் வைத்த பெயர் என்ன, குன்றுக்கு வைத்த பெயர் என்ன என்று கேட்டு அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தைவிட்டு வந்து அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறவர்களும் இதைச் செய்யலாம். அவர்களுக்கு இது இன்னும் அவசரமானது.

அந்த நோட்டு நிறையும்போது இரண்டு காரியங்கள் நடந்திருக்கும். பேரன், தான் நாள்தோறும் கடந்து போகும் மரத்தை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்திருப்பான். பாட்டி, தன் வாழ்நாள் உழைப்பைப் பற்றி ஒரு பிள்ளை ஆவலோடு கேட்பதை முதன்முறையாகக் கண்டிருப்பார்.

அக்கரைப் பச்சையைப் பார்க்கப் போவதில் தவறில்லை, போய்வாருங்கள். திரும்பி வரும்போது, இக்கரையும் பச்சைதான் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்தப் பச்சையை நட்டு வளர்த்த கைகள் எவருடையவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.